ஜி.பி. ரோட்டில் கார் சாவி போட்டேன், ஆறு மாசம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

தங்கை வளைகாப்புக்குப் பூ வாங்க விடியற்காலை நாலரை மணிக்குக் கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு கையிலும் பை, தோளில் ஒரு பை, சாவியைக் கைப்பையின் வெளி ஜிப்பில் போட்டதாக நினைவு. திரும்பி வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்று தேடுகிறேன், ஜிப் திறந்து கிடக்கிறது, சாவி இல்லை. சாமந்திக் காம்பும் வாழைச்சருகும் சேறுமாகக் கிடக்கிற அந்தத் தரையில் ஒரு மணி நேரம் தேடினேன், மூட்டை தூக்குகிற அண்ணன்கள் இரண்டு பேர் கூடவே டார்ச் அடித்துத் தேடிக் கொடுத்தார்கள், கிடைக்கவில்லை. அப்புறம் பூவோடு ஆட்டோ பிடித்து வில்லிவாக்கம் போய், வீட்டில் இருந்த இன்னொரு சாவியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து வண்டியை எடுத்தேன்.

அந்த இன்னொரு சாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டி அப்பா 2013-ல் வாங்கியது, பட்டனைத் தட்டினால் மடக்குக்கத்தி போல விரிகிற சாவி. ஏழெட்டு வருஷம் அவர் ஒரே சாவியைத்தான் பயன்படுத்தினார், நான் ஓட்ட ஆரம்பித்த பிறகு புதுசாக இருந்த ஸ்பேரை நான் எடுத்துக்கொண்டேன். தொலைந்தது அந்தப் புதுசு. மிஞ்சியது அப்பா சாவி, அதில் அன்லாக் பட்டனின் ரப்பர் கிழிந்து உள்ளே இருக்கிற குட்டி ஸ்விட்ச் வெளியே தெரியும், நகத்தால் அழுத்தினால் நாலு தடவைக்கு ஒரு தடவை கேட்கும். சாவியின் பல்லெல்லாம் மழுங்கிப்போய், இக்னிஷனில் போட்டுக் கொஞ்சம் வெளியே இழுத்து ஆட்டினால்தான் திரும்பும். அதாவது என் கையில் இருந்தது ஒன்று அல்ல, அரை சாவி.

ஒரு சாவி இருக்கிறதே, ஓடுகிற வரை ஓடட்டும் என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய பேர், அப்படி விடாதீர்கள். காரணம் இரண்டு. ஒன்று, வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பதே இரண்டு ஒரிஜினல் சாவிகளைத்தான், ஒன்றுதான் இருக்கிறது என்றால் மற்றது எங்கே, எப்போது தொலைந்தது, ஏன் சொல்லவில்லை என்று கிளெய்மை இழுத்தடிக்க அது போதும். நான் ஏஜெண்டைக் கேட்டபோது, ஸ்டேஷனில் ஒரு புகார் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள், கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்கள், புதுச் சாவி போட்ட பில்லையும் பத்திரமாக வையுங்கள் என்றார். மூன்றையும் செய்தேன், ஸ்டேஷனில் அரை மணி நேரம்தான் ஆனது. இரண்டாவது காரணம் காசு. கையில் ஒரு சாவி இருக்கும்போது இன்னொன்று போடுவது ஒரு வேலை, இரண்டுமே தொலைந்த பிறகு போடுவது வேறு வேலை. அப்போது வண்டியின் ரகசிய பின் (PIN) நம்பர் வேண்டும், சில வண்டிகளில் உள்ளே இருக்கிற பெட்டியையே கழற்றி அதிலிருக்கும் மெமரியைப் படிக்க வேண்டும், வண்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டும். எனக்குச் சொன்ன கணக்குப்படி செலவு இரண்டு மடங்குக்கும் மேல்.

முதலில் போனது கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான். பெயர் வேண்டாம். கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் சொன்ன தொகை தலையைச் சுற்றியது. சாவி மட்டும் புரோகிராமிங்கோடு பதினோராயிரத்துச் சொச்சம், ஆர்டர் போட்டு வர மூன்று வாரம், முழுத்தொகையும் முன்பணம். பாதுகாப்புக்கு லாக் செட் மொத்தமாக மாற்றுவதுதான் நல்லது, அதற்குத் தனியாகப் பதினெட்டாயிரம் ஆகும் என்றார். அப்பா சாவியைக் காட்டி, இந்த ரப்பரை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டேன். அப்படித் தனியாக வராது மேடம், புதுச் சாவிதான் என்றார். நூறு ரூபாய் ரப்பருக்குப் பதினோராயிரமா என்று அப்போது கோபம் வந்தது. அந்த லாக் செட் பேச்சில் ஒரு நியாயம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

அடுத்து ஆன்லைனில் தேடினேன். ‘ரிமோட் கீ’ என்று போட்டு என் வண்டி மாடல் பெயரும் போட்டிருந்தது, எழுநூறு ரூபாய். வந்து பிரித்தால் வெறும் பிளாஸ்டிக் கூடு, உள்ளே சர்க்யூட்டும் இல்லை, சிப்பும் இல்லை, சாவித்தகடு வெட்டாத மொட்டையாக இருந்தது. விவரத்தில் எங்கோ கடைசி வரியில் ‘ஷெல் மட்டும்’ என்று இருந்திருக்கிறது. திருப்பி அனுப்பினேன். நீங்கள் ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் வெறும் ஷெல்லா, சர்க்யூட்டோடு வருகிற ரிமோட்டா, சிப் உண்டா, ரிமோட்டின் அலைவரிசை 433 மெகாஹெர்ட்ஸா 315-ஆ என்று பார்த்து வாங்குங்கள். இங்கே ஓடும் வண்டிகளில் பெரும்பாலும் 433தான், வெளிநாட்டு மாடலுக்கான 315 ரிமோட்டில் சாவி சரியாக வெட்டி வந்தாலும் பட்டனை அழுத்தினால் கதவு திறக்காது.

அப்புறம்தான் எங்கள் தெரு மெக்கானிக் சொல்லி ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போகிற அந்தச் சாலையில் சீட் கவர், ஸ்பீக்கர், சன் ஃபிலிம் என்று கார் சாமான் கடைகளாகவே இருக்கும், சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதில் ஒரு சந்துக்குள், ஆறடிக்கு எட்டடி இருக்கும், ஒரு சாவிக்கடை. கடைப் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார் கடைக்கார பாய். பெயரைப் பார்த்து ஆர்.சி. இல்லாமல் வந்து சாவி போடச் சொல்லி மல்லுக்கட்டுகிறார்களாம். அவர் சொன்னதை மதிக்கிறேன், அதனால் பெயர் இல்லை. ஆனால் அந்த வேலை எப்படி நடந்தது என்பதை விவரமாக எழுதுகிறேன், எந்த ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் இதை வைத்து நீங்கள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

போனதும் அவர் கேட்ட முதல் வார்த்தை, “ஆர்.சி. எடுங்கம்மா.” சாவியைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்க்கவில்லை. வண்டி அப்பா பெயரில் இருக்கிறது என்றேன், அப்பாவுக்கு வீடியோ கால் போடச் சொன்னார். டிஜிலாக்கரில் இருந்த ஆர்.சி.யைக் காட்டினேன், என் ஆதாரையும் பார்த்தார், ஒரு நீளமான நோட்டில் வண்டி நம்பர், சேஸிஸ் நம்பர், போன் நம்பர் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கினார். இதற்கே எனக்கு அந்தக் கடைமேல் நம்பிக்கை வந்துவிட்டது. எதுவும் கேட்காமல் சாவி போட்டுத் தருகிற கடை, நாளைக்கு என் வண்டிக்கும் யாருக்கோ போட்டுக் கொடுக்கும் கடைதானே.

அடுத்தது சாவி வெட்டுவது. அப்பா சாவியை வாங்கிக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார். “இத வெச்சு அப்படியே காப்பி எடுத்தா தேய்மானத்தையும் சேத்துக் காப்பி எடுத்த மாதிரிம்மா. வண்டி வாங்குனப்ப சாவியோட ஒரு குட்டித் தகடு குடுத்திருப்பாங்க, நம்பர் போட்டு. இருக்கா?” என்றார். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அப்பாவுக்குத் திரும்பப் போன் போட்டேன். “பீரோவுல வண்டி கவர்ல இருக்கும்மா, தூக்கிப் போட்டுடாதீங்க சார்னு ஷோரூம் பையன் சொன்னான், அதனால வெச்சிருக்கேன்” என்று ஐந்தே நிமிஷத்தில் போட்டோ எடுத்து அனுப்பினார். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய அலுமினியத் தகடு, அதில் எழுத்தும் எண்ணும் கலந்து பொறித்திருக்கிறது. பத்து வருஷத்துக்கு மேல் அதை அப்படியே வைத்திருந்திருக்கிறார் மனிதர்.

தெருமுனையில் சாதா டூப்ளிகேட் போடுகிறவர்களின் மிஷினில் இரண்டு பிடி இருக்கும், ஒன்றில் பழைய சாவி, ஒன்றில் மொட்டைச் சாவி, பழையது எப்படி இருக்கிறதோ அதன் மேடு பள்ளத்தைத் தடவிக்கொண்டே மற்றதில் வெட்டும். பழையது மழுங்கியிருந்தால் புதுசும் மழுங்கல்தான். அந்தத் தகட்டு எண்ணை கம்ப்யூட்டர் கட்டிங் மிஷினில் கொடுத்தால், வண்டி ஷோரூமிலிருந்து வந்த அன்று சாவி எந்த அளவில் இருந்ததோ அந்த அளவில் வெட்டும். இரண்டு நிமிஷம் கீச்சென்று சத்தம், பொன் நிறத்தில் பொடி பறந்தது, அப்புறம் சின்ன அரத்தால் ஓரத்தை இழைத்து, துணியில் துடைத்து, முதலில் டிரைவர் பக்கக் கதவில் போட்டுப் பார்த்தார், பிறகுதான் இக்னிஷனில். வழுக்கிக்கொண்டு திரும்பியது. அப்பா சாவி ஆட்டினால்தான் திரும்புவதைப் பார்த்து இக்னிஷன்தான் கெட்டுவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், மாற்ற நாலாயிரம் கேட்டவரும் உண்டு, கெட்டது சாவிதான்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். இந்த மாதிரிச் சாவியில் இரண்டு தனித்தனி விஷயம் இருக்கிறது, நிறைய பேர் ஒன்று என்று நினைக்கிறார்கள். கதவைத் திறக்கிற ரிமோட் ஒன்று, அதற்குத்தான் பேட்டரி. வண்டியை ஸ்டார்ட் செய்ய விடுகிற சிப் இன்னொன்று, அதற்குப் பேட்டரியே வேண்டாம். சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது, சாவியைத் திருப்பும்போது அந்தச் சுருள் அனுப்பும் அலையிலேயே சிப்புக்கு உயிர் வந்து தன் அடையாளத்தைச் சொல்லும், வண்டி சரிபார்த்து என்ஜினை ஓட விடும். ரிமோட் பேட்டரி செத்துப்போனாலும் வண்டி ஸ்டார்ட் ஆவது இதனால்தான். பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில்கூட ரிமோட்டை அந்த பட்டனுக்கு மிக அருகில் வைத்து அழுத்தினால் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும், கதவைத் திறக்க ரிமோட்டுக்குள்ளேயே ஒரு சின்னச் சாவி ஒளிந்திருக்கும்.

பாய் முதலில் பானெட்டைத் திறந்து வண்டி பேட்டரியை மீட்டரில் அளந்தார். 12.1 வோல்ட் காட்டியது. புரோகிராம் நடுவில் வோல்டேஜ் இறங்கினால் பாதியில் நின்றுவிடும், அப்புறம் பெரிய தலைவலி என்று சார்ஜரை மாட்டிவிட்டுத்தான் ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஓ.பி.டி. சாக்கெட்டில் தன் டேப்லெட்டைச் செருகினார். திரையில் ‘பதிவான சாவிகள் 2’ என்று வந்தது. இரண்டில் ஒன்று கோயம்பேட்டுச் சேற்றில் கிடக்கிறது, அல்லது யார் கையிலோ இருக்கிறது. பாய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலில் புதுச் சாவியை மட்டும் ஏற்றினார், வண்டி ஸ்டார்ட் ஆனது. பிறகு என்னிடமே அப்பா சாவியைக் கொடுத்து, “இப்ப போட்டுப் பாருங்க” என்றார். ஏழெட்டு வருஷம் அந்த வண்டியை ஓட்டிய சாவி, செல்ஃப் எடுத்தது, ஒரு விநாடி என்ஜின் பிடித்தது, உடனே அணைந்தது. மீட்டரில் சாவிப்படம் போட்ட சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. “தொலைஞ்ச சாவிக்கும் இனிமே இதே கதிதான்” என்றார். அதற்குப் பிறகுதான் அப்பா சாவியையும் திரும்ப ஏற்றிக் கொடுத்தார். சும்மா வாயால் சொல்லாமல் என் கையாலேயே செய்து பார்க்க வைத்தார் பாருங்கள், அந்த ஒரு நிமிஷத்துக்கே நான் கொடுத்த காசு தகும். சாவி போடப் போகிறவர்கள் மறக்காமல் மிச்சமிருக்கிற எல்லாச் சாவியையும் கொண்டு போங்கள், வீட்டில் விட்டுவிட்டுப் போனால் அழிக்கும்போது அதுவும் அழிந்துவிடும்.

அப்போதே இன்னொன்றும் சொன்னார். தொலைந்த சாவியால் வண்டியை ஸ்டார்ட் செய்ய முடியாதே தவிர, அதன் இரும்புத்தகடு கதவைத் திறக்கும். பூட்டு மாறவில்லை அல்லவா. சர்வீஸ் சென்டரில் லாக் செட் மாற்றச் சொன்னது இதற்குத்தான், அது பொய் இல்லை. என் சாவியில் வீட்டு முகவரியோ வண்டி நம்பரோ எதுவும் தொங்கவில்லை, தொலைந்தது வேறு இடத்தில், அதனால் மாற்ற வேண்டாம் என்று முடிவு செய்தேன், வண்டிக்குள் எதையும் வைத்துவிட்டு இறங்குவதில்லை. உங்கள் சாவி சொந்தத் தெருவிலோ அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலோ தொலைந்திருந்தால், அல்லது சாவிக்கொத்தில் வண்டி நம்பர் தொங்கியிருந்தால், காசைப் பார்க்காமல் லாக் செட்டையும் மாற்றுவதே சரி.

அப்பா சாவிக்குச் செய்த வைத்தியம் தனிக்கதை. கூட்டைப் பிளந்தார், உள்ளே பத்து வருஷ அழுக்கு, தேங்காய் எண்ணெய் வாசனைகூட வந்தது. சர்க்யூட்டில் அன்லாக் பட்டனுக்குக் கீழே இருந்த மூன்று மில்லிமீட்டர் ஸ்விட்ச் மட்டும் செத்திருந்தது. சால்டரிங் அயனால் அதை எடுத்துப் புதுசு வைத்தார். பிறகு பழைய கூட்டின் ஓரத்தில் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்புத் துண்டைக் காட்டி, “இது என்ன தெரியுமா?” என்றார். அதுதான் சிப். சில சாவிகளில் சிப் சர்க்யூட்டிலேயே இருக்கும், என்னுடையது மாதிரிச் சிலதில் கூட்டில் தனியாகச் செருகியிருக்கும். வீட்டிலேயே கூடு மாற்றுகிறவர்கள் சர்க்யூட்டை மட்டும் எடுத்துப் புதுக் கூட்டில் வைத்துவிட்டுப் பழையதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள், அப்புறம் கதவு திறக்கிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஓடி வருகிறார்கள். பல்குத்தும் குச்சியால் அதை மெல்ல நெம்பி எடுத்துப் புதுக் கூட்டில் அதே பக்கமாக வைத்து, ஒரு சொட்டுப் பசை விட்டார். நீங்களே கூடு மாற்றுவதாக இருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆவதைப் பார்க்கும் வரை பழைய கூட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

மொத்தம் ஒன்றரை மணி நேரம். புதுச் சாவி, சிப், வெட்டுக்கூலி, புரோகிராமிங் எல்லாம் சேர்த்து 4,200. அப்பா சாவிக்குக் கூடு 450, ஸ்விட்ச் 100, பேட்டரி 50. ஆக 4,800 ரூபாய், ஜிபேயில் கொடுத்தேன்.

இப்போது குறைகள். கேட்ட பிறகுதான் பில் வந்தது, அதுவும் முதலில் துண்டுச்சீட்டு, இன்சூரன்ஸுக்கு வேண்டும் என்று சொன்ன பிறகு ஜி.எஸ்.டி. நம்பரோடு எழுதிக் கொடுத்தார். ஆறு மாச வாரண்டி என்று வாயால் சொன்னதைப் பில் பின்பக்கத்தில் எழுதி வாங்கினேன், நீங்களும் வாங்குங்கள். புது ரிமோட் கம்பெனியுடையது இல்லை, அதன் எட்டம் குறைவு. பழைய சாவியில் இரண்டாவது மாடிப் பால்கனியில் நின்று பூட்டலாம், இதில் பதினைந்து இருபது அடிக்குள் வர வேண்டும். நாலாவது மாசம் மடக்குச் சாவியின் ஸ்பிரிங் தளர்ந்து பாதியிலேயே நின்றது, போய்க் காட்டினேன், காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார், ஆனால் அதற்காக ஒரு நாள் அந்த டிராஃபிக்கில் போய் வர வேண்டியிருந்தது. பிளாஸ்டிக்கும் ஒரிஜினல் போலக் கனமாக இல்லை, ஒரு தடவை கீழே விழுந்ததிலேயே மூலையில் கீறல். பார்க்கிங் கொடுமை. சனிக்கிழமை மாலை போனால் சந்துக்குள்ளேயே நுழைய முடியாது.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. என் சாவிக்கு சிஆர்2032. இதில் முதல் இரண்டு எண் அகலம், 20 மில்லிமீட்டர், அடுத்த இரண்டு கனம், 3.2 மில்லிமீட்டர். 2032 இல்லை என்று கடைக்காரர் 2025-ஐயோ 2016-ஐயோ கொடுத்தால் வாங்காதீர்கள், அகலம் ஒன்றுதான், கனம் குறைவு, உள்ளே ஆடும், சிலர் ஈயத்தாளை மடித்து வைத்து இறுக்குவார்கள், அதில்தான் பேட்டரியைத் தொட்டுக்கொண்டிருக்கிற பித்தளைக் காது வளைந்து சாவியே போகிறது. சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் பழைய பேட்டரியை மேஜையில் வைக்கவே வைக்காதீர்கள், விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய விஷயம். பாய் சொன்ன இன்னொன்று, சாவித் துவாரத்தில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசியை இழுத்துப் பிசின் ஆகிவிடும். கிராஃபைட் தூள் கொஞ்சம் ஊதினால் போதும். எங்கள் வீட்டில் விட்டது அப்பாதான், அவரிடம் சொல்லியாயிற்று.

இன்சூரன்ஸ் ரின்யூவலில் இந்தத் தடவை கீ ரீப்ளேஸ்மென்ட் ஆட்-ஆன் சேர்த்துக்கொண்டேன். தகட்டின் போட்டோவை என் போனிலும் தங்கை போனிலும் வைத்திருக்கிறோம், தகடு திரும்ப அப்பா பீரோவிலேயே இருக்கிறது.

கடைக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன், அரை குறைந்தது பில்லுக்கும் ஸ்பிரிங்குக்கும். போகிறவர்கள் ஆர்.சி., அடையாள அட்டை, வீட்டில் இருக்கிற எல்லாச் சாவியும், நம்பர் தகடும் எடுத்துக்கொண்டு வாரநாளில் காலை பதினொன்றுக்குள் போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு பாய் தொழுகைக்குப் போனால் திரும்பி வர இரண்டரை ஆகும், ஞாயிறு லீவு.